வானம் பார்த்த பூமியும் ஒரு டிகிரி வெயிலும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிறவர்கள் சாலையின் இரு மருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். அங்கே வாய்க்கால் பாசனம் என்பது அபூர்வம். புரட்டாசி பிறந்ததும் குடியானவர் விதையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். ஐப்பசி மழை பெய்தால் பிழைப்பு, பெய்யாவிட்டால் கடன். 'வானம் பார்த்த பூமி' என்று நம் பெரியோர்கள் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்!

மழை தவறினால் பயிர் போகும் என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மழை தவறாத வருஷத்திலும், வெயில் சற்று ஏறினால் விளைச்சல் குறையும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1901-ஆம் வருஷத்திலிருந்து 2018-ஆம் வருஷத்திற்குள் இந்தியாவின் சராசரி உஷ்ணநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. "முக்கால் டிகிரிகூட இல்லையே! இதற்கா இத்தனை கவலை?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வீட்டில் குழந்தைக்கு உடம்பு ஒரு டிகிரி சுட்டால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம் அல்லவா? பயிரும் உயிருள்ள பொருள்தான்.

உஷ்ணம் மூன்று வழிகளில் தானியப் பயிரைத் தாக்குகிறது. முதலாவது, பயிரின் ஆயுளை அது துரிதப்படுத்துகிறது. கதிரில் பால் பிடித்து மணி முற்றுவதற்கு வேண்டிய நாட்கள் குறைகின்றன. மணி சிறுத்துப் போகிறது. இரண்டாவது, காற்றின் தாகம் அதிகரிக்கிறது. ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் காற்று சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். அந்த ஈரத்தை அது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சுகிறது. நீரைக் காப்பாற்றிக்கொள்ளப் பயிர் தன் இலைத் துவாரங்களை மூடிக்கொள்கிறது. மூடினால் உணவு தயாரிக்கும் வேலையும் தடைப்படுகிறது. மூன்றாவது, பூக்கும் சமயத்தில் கடும் வெயில் அடித்தால் மகரந்தம் வலுவிழந்து, கதிரில் மணி பிடிக்காமல் போகிறது.

இது வெறும் ஊகமன்று. ஆப்பிரிக்காவில் 1999 முதல் 2007 வரை மக்காச்சோளத்தில் நடந்த 20,000-க்கு மேற்பட்ட சோதனைச் சாகுபடிகளின் கணக்கை ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். 30 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரி உஷ்ணம் ஒரு நாள் அளவு நீடிக்குந்தோறும், மழை போதுமாயிருந்த நிலத்திலேயே விளைச்சல் 1 சதவிகிதம் குறைந்தது; வறண்ட நிலத்தில் 1.7 சதவிகிதம் குறைந்தது. ஆக, நல்ல மழையும் வெயிலின் தீங்கை முற்றும் போக்கிவிடுவதில்லை.

ஆப்பிரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு? சோளமும் கம்பும் விளைந்த கரிசல் காடுகள் பலவற்றில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. அது பெரும்பாலும் கோழித் தீவனத்திற்குப் போகிறது. நம் பயிர் வளர்வது ஐப்பசி, கார்த்திகைக் குளிர்ச்சியில்; சித்திரை வெயில் அதை நேரே சுடுவதில்லை என்பது உண்மை. ஆனால் மழை நின்ற பிறகு, மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே கதிர் முற்ற வேண்டும். காற்று சூடேறினால் அந்தச் சேமிப்பு சீக்கிரம் கரைகிறது. அறுவடைக்குப் பத்து நாள் முன் ஈரம் வற்றினால், வருஷம் முழுவதும் பட்ட பாடு பதராகிறது.

பரிகாரம் இல்லாமலில்லை. 1901-இல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை, மானாவாரிக்கு ஏற்ற கே 8, கே 12 முதலிய சோள ரகங்களைத் தந்திருக்கிறது. கோடை உழவும், வரப்பு உயர்த்தலும், பண்ணைக் குட்டையும் மழை நீரை மண்ணிலேயே நிறுத்தும் உபாயங்கள். மக்காச்சோளத்தைவிடக் கம்பும் சோளமும் வெயிலையும் வறட்சியையும் அதிகம் தாங்கும். எனினும் அவற்றின் பொறுமைக்கும் எல்லை உண்டு.

2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. கொண்டாட்டம் முடிந்துவிட்டது. வாங்குவார் இல்லாத தானியத்தை எந்தக் குடியானவர்தான் விதைப்பார்? வாரத்தில் இரண்டு நாள் நம் வீட்டு அடுப்பில் கம்பஞ்சோறோ சோளத் தோசையோ ஏறட்டும். வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த மனிதருக்கு, பூமியிலும் சிலர் துணை இருக்கிறார்கள் என்று அப்போது தெரியும்.