விளையாட்டில் கண்ணுக்குக் காவல்

கண்ணுக்கு இயற்கை மூன்று காவல்களை அமைத்திருக்கிறது: சுற்றிலும் எலும்புக் குழி, மேலே புருவம், முன்னே இமை. தூசி பறந்து வந்தால் இமை மூடிக்கொள்கிறது. பெரிய பந்து மோதினால் எலும்பின் விளிம்பு அடியின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால், 'ஏர்சாஃப்ட்' எனப்படும் போலித் துப்பாக்கி விளையாட்டிற்கு இம்மூன்று காவல்களும் போதா.

1970ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் தோன்றிய இவ்விளையாட்டில் ஆடுவோர் ஒருவரையொருவர் பிளாஸ்டிக் குண்டுகளால் சுடுகின்றனர். குண்டின் குறுக்களவு 6 மில்லிமீட்டர். எடை பெரும்பாலும் 0.20 கிராம். இத்துணைச் சிறிய பொருள் என்ன செய்துவிடும் என்று கருதுதல் கூடாது. அது வினாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இமை மூடுவதற்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் குண்டு ஏறக்குறைய 10 மீட்டர் கடந்துவிடும். மேலும், விழியின் குறுக்களவோ 24 மில்லிமீட்டர். ஆகவே குண்டு எலும்பு விளிம்பில் படாமலே நேராக விழியைத் தாக்க வல்லது. அவ்வடியால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், ஆடி இடம்பெயரலாம், விழித்திரை கிழியலாம். புண் ஆறிய பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கண் நீரழுத்த நோய் தோன்றக்கூடும்.

ஆட்டத்தில் தேர்ந்தவருக்கும் இவ்வபாயம் உண்டு. 2000ஆம் ஆண்டில் டாக்காவில் கும்ப்ளே வீசிய பந்தினால் விக்கெட் காப்பாளர் சபா கரீமின் வலக்கண் காயமுற்றது. அவரது ஆட்ட வாழ்வு அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டாண்டன் நகரில், ஸ்டம்பின் மேலிருந்து தெறித்த சிறு மரத்துண்டு தென்னாப்பிரிக்க வீரர் மார்க் பௌச்சரின் இடக்கண்ணைத் தாக்கிற்று. அவர் மறுநாளே ஓய்வை அறிவித்தார். அப்போது அவர் கண் காப்பு எதுவும் அணிந்திருக்கவில்லை.

சித்தூர் மாவட்டத்தில் சாந்திபுரம், குப்பம் ஆகிய பகுதிகளில் வாழ்வோர்க்கு இச்செய்தி அயலானதன்று. கருங்கல் உடைக்கும் தொழிலாளர்க்குத் தெறிக்கும் சில்லின் வேகம் தெரியும். கிட்டிப்புள் ஆடும் சிறுவரின் கண்ணுக்கும், திருவிழாக் கடையில் வாங்கிய குண்டுத் துப்பாக்கியுடன் ஓடும் பிள்ளையின் கண்ணுக்கும் அதே அபாயம் உண்டு.

எத்தகைய காப்பு வேண்டும்? வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி உதவாது. அது உடைந்தால் அதன் துண்டுகளே கண்ணில் பாயும். பக்கவாட்டில் இடைவெளியும் உண்டு. 1953ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட 'பாலிகார்பனேட்' என்னும் பொருள் அடியை ஏற்றுச் சிதறாமல் நிற்கும் இயல்புடையது. அதனாலாகி, முகத்தோடு சுற்றிலும் பொருந்தி, தாக்குதலைத் தாங்குமெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கண் காப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பி வலைக் காப்பில் ஆவி படியாதென்பது மெய்யே. ஆயினும், உடைந்த குண்டின் துகள் வலைக்கண் வழியே உள்ளே நுழையலாம். பற்களையும் இதழ்களையும் காக்க, முகம் முழுவதும் மறைக்கும் கவசமே சிறந்தது. சிறுவர்க்கு அது இன்றியமையாதது. கீறலோ விரிசலோ கண்ட காப்பை உடனே மாற்றிவிட வேண்டும்.

வியர்வையால் ஆவி படிந்தவுடன் காப்பைக் கழற்றித் துடைப்பதே பெரிய அபாயம். ஆட்டக்களத்தை விட்டு வெளியேறும்வரை ஒருவரும் காப்பைக் கழற்றலாகாது. வேடிக்கை பார்ப்போர்க்கும் நடுவருக்கும் இவ்விதி பொருந்தும்.

கண்ணில் அடிபட்டால் கசக்குதல், அழுத்துதல், பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விடுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். குத்திய பொருள் இருப்பின் அதைப் பிடுங்கக் கூடாது. காகிதக் கிண்ணம் போன்ற ஒன்றால், விழியில் படாதபடி மூடி, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குப்பத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருப்பதியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2019 முதல் பணிபுரிகிறது. வலி குறைந்துவிட்டது, பார்வை தெரிகிறது என்று நாம் நாள் கடத்தலாகாது. உள்ளே கிழிந்த விழித்திரை தொடக்கத்தில் வலியைத் தருவதில்லை.