பனை உச்சியில் ஒரு குடித்தனம்

போன மாசி மாசம் கிழக்கு வரப்பில் நிற்கும் பட்டுப்போன பனையை விலை பேச ஒரு வியாபாரி வந்தார். அட்வான்ஸ் வாங்கும் நேரத்தில் "கீ... கீ..." என்று கத்திக்கொண்டு இரண்டு பறவைகள் ஒரு காகத்தைத் துரத்தின. தலையும் பிடரியும் துருச் சிவப்பு, முதுகு சாம்பல் நீலம், வயிற்றில் மெல்லிய கருங்கோடுகள், வால் நுனியில் கறுப்புப் பட்டை. செந்தலை வல்லூறு. புறா அளவுதான் இருக்கும்.

வல்லூறு இனத்துக்குக் கூடு கட்டத் தெரியாதுங்க. முப்பது வருசம் வீட்டுக்கடன் கொடுத்தவனுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. காகம் பெரும்பாலும் கோடையில்தான் கூடு கட்டும். குஞ்சுகள் பறந்ததும் கூடு காலியாகிவிடும். அந்தப் பழைய கூட்டில் இது தை முதல் வைகாசிக்குள் முட்டையிடும். மா, புளி மாதிரி உயர்ந்த மரங்களிலும் இடும், பனை உச்சியிலும் இடும். ஆப்பிரிக்காவில் இதன் நெருங்கிய உறவுப் பறவை பனை மட்டை இடுக்கிலேயே முட்டை வைத்துவிடும்.

மூன்று முதல் ஐந்து முட்டை. அடைகாப்பது பெரும்பாலும் பெட்டைதான், சேவல் இரை கொண்டுவந்து கொடுக்கும். குஞ்சு பொரிக்க ஒரு மாசத்துக்கு மேல், குஞ்சு பறக்க இன்னும் ஐந்து வாரம். ஆக, எழுபது நாள் அந்த மரத்தை யாரும் தொடக்கூடாது. நாம் காய்ந்த ஓலை கழிப்பதும் பதநீர் இறக்குவதும் இதே மாசங்களில்தான், அதுதான் சிக்கல்.

எலி பிடிக்கும் என்று சொல்லி இதைக் காப்பாற்றச் சொன்னால் அது பொய். எலிக்கு ஆந்தையும் கருந்தோள் பருந்தும் இருக்கின்றன. இது சிட்டு, வானம்பாடி போன்ற சின்னப் பறவைகளைத்தான் பிடிக்கும். பெரும்பாலும் ஜோடியாகவே வேட்டை, ஒன்று கிளப்பிவிட மற்றது பாயும். கோழிக்குஞ்சு காணாமல் போனால் முதலில் வைரியைச் சந்தேகப்படுங்கள். செந்தலை வல்லூறு உலக அளவில் அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்று பட்டியலில் இருக்கிறது.

"ஒத்தப் பனைக்கு இத்தனை ரோசனையாங்க?" என்றார் வியாபாரி. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள் என்றேன். வைகாசி கழித்து வாங்க என்று அனுப்பிவைத்தேன். ஆனியில் வந்தார். அதற்குள் மூன்று குஞ்சுகள் பறந்திருந்தன. மரத்தைக் கொடுக்கவில்லை, அடுத்த தைக்கு அது வேணும்.