ஈறில் ரத்தம், வால்வில் கிருமி

ஈறில் ரத்தம் கசிந்தால் பிரஷ்ஷை மாற்றுவோம், பேஸ்ட்டை மாற்றுவோம், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம். பல் டாக்டரிடம் போவது வலி வந்த பிறகுதான். ஈறு நோயோ முற்றும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் காரையில் கிருமிகள் குடியிருக்கின்றன. ஈறு புண்ணாகிவிட்டால், பல் துலக்கும்போதும் உணவை மெல்லும்போதும்கூட அவை ரத்தத்தில் கலக்கும். பெரும்பாலோருக்கு உடலே சீக்கிரம் அவற்றை ஒழித்துவிடும். ஆனால் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ள சிலர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் அந்த வால்வில் ஒட்டி வளர்ந்து அதை அரித்துவிடும். அங்கிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயின் பெயர் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை ஆன்டிபயாடிக் ஊசி தேவைப்படும். சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

இது பல நேரம் சத்தமில்லாமல் வரும். விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு. வைரல் என்று நினைத்து மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணியும்; பிறகு ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது சிக்காமல் போகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதே சட்டவிரோதம். வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காரணம் தெரியாமல் காய்ச்சல் நீடித்தால், மருந்து தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பல் டாக்டரிடம் உட்கார்ந்ததும் இதயக் கோளாறைச் சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள். செயற்கை வால்வு உள்ளவர்களும் இந்த நோய் முன்பே வந்தவர்களும் பல் பிடுங்குவதற்கோ காரையை நீக்கும் ஸ்கேலிங் செய்வதற்கோ 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் எடுப்பது வழக்கம். மற்றவர்களுக்கு வேண்டுமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது வெறும் பயம். பல்லை ஆட்டுவது காரைக்கு அடியில் எலும்பைத் தின்னும் நோய்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரட்டை இடி. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துத் தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் நாக்கு மேலெழும்பினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழல் அடைபடலாம். உடனே 108.

பல்லுக்கோ இதயத்துக்கோ, என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு, என்ன அபாயம் என்று முன்கூட்டியே கேட்பது நோயாளியின் உரிமை. மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு அந்தப் பதிவுகளும் ரசீதுகளும் வேண்டும்; பத்திரமாக வையுங்கள்.