பார்வையற்ற குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகள்

பார்வையற்ற குழந்தைக்கு இந்தியச் சட்டம் தரும் கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைகள் 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்க வழிசெய்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்கும் ஆறு வயதுதான் தொடக்கம். மூன்று முதல் ஆறு வயதினருக்கான முன்பருவக் கல்வியை அதன் 11ஆவது பிரிவு அரசின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. ஆறு வயது நிறையும்வரை குழந்தைகளைப் பேணிக் கற்பிக்க அரசு முயல வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 45ஆவது கூறு வழிகாட்டு நெறிதான். அதைக் காட்டி வழக்காடி உரிமை பெற முடியாது.

இந்த இடைவெளி எல்லாக் குழந்தைகளையும் பாதிக்கிறது. பார்வையற்ற குழந்தைக்கோ இழப்பு பன்மடங்கு. பார்வையுள்ள குழந்தை நான்கைந்து மாதத்திலேயே கண்ணில் பட்ட பொருளுக்குக் கை நீட்டும். ஒலியை மட்டும் நம்பிக் கை நீட்ட, பார்வையற்ற குழந்தைக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது என்பதை அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃபிரைபெர்க் 1977இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கையிலிருந்து நழுவிய கிலுகிலுப்பையின் சத்தம் அடங்கியதும், அந்தக் குழந்தைக்கு அப்படியொரு பொருளே இல்லாமல் போகிறது. எட்டிப் பிடிக்க எதுவும் அழைக்காததால் தவழ்வதும் தள்ளிப்போகிறது. இதை அறிவுக் குறைவு என்று எண்ணி ஒதுக்குவது பெரும் அநீதி.

இந்தத் தாமதத்தைப் பயிற்சியால் வெகுவாகக் குறைக்கலாம். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காமல், பெரியவர் தம் கையை அதன் கைக்கு அடியில் வைத்து, செய்யும் வேலையைத் தொட்டு உணரவிட வேண்டும். தட்டில் வைத்த இட்லியை மட்டுமே தொட்ட குழந்தைக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஊறிய அரிசி, அரைத்த மாவு, பொங்கிய மாவு, ஆறிய இட்லித்தட்டின் குழி என ஒவ்வொன்றையும் தொட்டால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் பிறக்கும்.

எழுத்துக்கும் இதே நிலைதான். பேருந்துப் பலகையிலும் பிஸ்கட் உறையிலும் எழுத்துகளைப் பார்த்தபடியே மற்றப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆறு புள்ளிகளால் ஆன பிரெய்லை, முதல் வகுப்புக்கு வரும்வரை தொட்டே பார்த்திராத பிள்ளை எத்தனையோ ஆண்டுகள் பின்தங்கித் தொடங்குகிறது. புளியங்கொட்டையையும் மணியையும் பிரித்தடுக்கி, இரு கைகளாலும் தடவிப் பழகிய விரல்களுக்குப் பிரெய்ல் எளிதில் வசப்படும்.

கண்டறியும் ஏற்பாடுகள் இருக்கின்றன. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையுடனோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். தேசிய அளவிலான சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. 2021 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய 14 ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுள் ஒன்று சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கிறது. ஆனால் கிராமத்துத் தாய் வாரந்தோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வர முடியாது.

அவருக்கு எட்டும் இடம் அங்கன்வாடிதான். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறையை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. சேர்த்தால் மட்டும் போதாது. "கை வீசம்மா" போன்ற அபிநயப் பாட்டை எல்லாக் குழந்தைகளும் பணியாளரைப் பார்த்து ஆடும்போது, பார்வையற்ற குழந்தைக்குப் பாட்டு மட்டுமே கிடைக்கிறது. அசைவைத் தொட்டுக் காட்ட ஒருவர் அருகில் வேண்டும். சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என ஓடும் பணியாளரிடம் இதையும் சுமத்துவது நியாயமில்லை. பல அங்கன்வாடிகளுக்கும் வீடுகளுக்கும் முறைவைத்து வந்துபோகும் சிறப்பாசிரியரே இதற்குத் தேவை.

அமெரிக்கா 1986இல் செய்த சட்டத் திருத்தம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இத்தகைய சேவை கிடைக்க வழிவகுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் எழுதப்படுகிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007இல் ஏற்ற இந்தியா, எல்லா நிலைகளிலும் உள்ளடங்கிய கல்வி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கைக் காக்க, சட்டத்தின் ஆறு வயது வரம்பைக் கண்குறை கண்டறியப்படும் நாளுக்கு மாற்ற வேண்டும். கண் மருத்துவர் சான்றிதழ் தரும்போதே ஆசிரியரின் முகவரியும் பெற்றோர் கைக்கு வர வேண்டும்.