சோம்பல் அல்ல, நோய்!

காலையில் எழுந்ததும் நன்றாக இருப்பார். கலகலப்பாகப் பேசுவார். பொழுது ஏற ஏறக் கண் இமை கனக்கும். மாலையில் இமை பாதி மூடிவிடும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சோற்றை மெல்லும்போதே தாடை ஓய்ந்து போகும். தலை சீவத் தூக்கிய கை பாதியிலேயே இறங்கிவிடும். கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் மறுபடியும் தெம்பு வரும்.

இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? "வேலை என்றால் உடம்பு வணங்காது" என்பார்கள். "எல்லாம் பாசாங்கு" என்பார்கள்.

அது சோம்பல் அல்ல, ஒரு நோயாக இருக்கலாம். அதன் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். இந்த நோய் வந்தவருக்கு நரம்பு நன்றாக இருக்கும். தசையும் நன்றாக இருக்கும். பின்னே கோளாறு எங்கே? இரண்டுக்கும் நடுவே!

நடுவில் ஓர் ஆறு

"கையைத் தூக்கு" என்று மூளை கட்டளை இடுகிறது. கட்டளை மின்சாரம் போல நரம்பு வழியாக ஓடி வருகிறது. ஆனால் நரம்பு தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. ஓர் அங்குலத்தை 5 லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு அளவுதான் அந்த இடைவெளி. இப்படிப்பட்ட சந்திப்புக்கு 'சினாப்ஸ்' என்று பெயர்.

இந்த இடைவெளியை ஓர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் நரம்பு. அக்கரையில் தசை. கட்டளை வந்ததும், நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனப் பொருளை வெளியே விடுகிறது. அதுதான் படகு.

படகு போய் நிற்க அக்கரையில் ஒரு துறை வேண்டாமா? இருக்கிறது. அதற்கு 'ஏற்பி' என்று பெயர். வருவதை ஏற்றுக்கொள்வதால் அது ஏற்பி. அது புரதத்தால் ஆனது. ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நிற்கும். நடுவில் ஒரு துவாரம் மூடி இருக்கும். இரண்டு படகுகள் வந்து சேர்ந்ததும் துவாரம் திறக்கும். உப்பில் உள்ள சோடியம் உள்ளே பாயும். தசை சுருங்கும். கை மேலே எழும்!

ஆற்றைக் கடக்க ஆகும் நேரம், ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வேலை முடிந்ததும் படகுகளை உடைத்துப்போட ஒரு நொதி அங்கே காத்திருக்கிறது. உடைக்காவிட்டால் அடுத்த கட்டளைக்கு இடம் இராது.

துறைகள் குறைந்துபோனால்? படகுகள் வந்தும் பயன் இல்லை. முதலில் ஓரளவு வேலை நடக்கும். திரும்பத் திரும்ப வேலை செய்யும்போது நரம்பு விடும் படகுகளும் குறையும். தசை ஓய்ந்துவிடும். இதுதான் நோய்.

அம்பு நுனியில் கிடைத்த துப்பு

இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க 300 வருஷம் ஆயிற்று.

தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில டாக்டர், 1672-ல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவள் சரளமாகப் பேசுவாள். நீண்ட நேரம் பேசிவிட்டால் பேச்சே வராது. ஓய்வு எடுத்தால் மறுபடியும் பேசுவாள். காரணம் அன்று யாருக்கும் தெரியவில்லை.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு நுனியில் 'குராரே' என்ற விஷத்தைத் தடவி வேட்டை ஆடினார்கள். அம்பு பட்ட மிருகம் அசைய முடியாமல் விழும். இந்த விஷத்தைக் கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஆராய்ந்தார். விஷம் ஏறிய தசையை நேராகத் தூண்டினால் அசைந்தது. நரம்பு வழியாகத் தூண்டினால் அசையவில்லை!

1905-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி லாங்லி ஒரு முடிவுக்கு வந்தார். தசையின் மேல் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்கிறது, விஷம் அதைத்தான் பிடிக்கிறது என்றார். துறையில் வேற்றுப் படகு வந்து அடைத்துக்கொள்கிறது. சொந்தப் படகுக்கு இடம் இல்லை!

இமை எழுந்தது!

1934-ம் வருஷம். லண்டனில் கிரீனிச் பகுதியில் உள்ள செயின்ட் ஆல்பீஜ் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். அவர் பெரிய பேராசிரியர் அல்ல, உதவி டாக்டர்தான். அங்கே 56 வயதுப் பெண் ஒருவர் மயஸ்தீனியா நோயால் படுத்திருந்தார்.

இந்த நோய் குராரே விஷம் ஏறியது போல இருக்கிறது என்று மேரி வாக்கர் கேள்விப்பட்டார். உடனே ஒரு யோசனை தோன்றியது. குராரேக்கு மாற்று மருந்து உண்டே! மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் கலபார் அவரையிலிருந்து எடுக்கும் பைசோஸ்டிக்மின் அது. அதை ஊசி மூலம் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் மூடிய இமை எழுந்தது. கையில் வலு வந்தது. உணவை விழுங்க முடிந்தது. சில மணி நேரம் அந்தத் தெம்பு நீடித்தது.

அந்த மருந்து செய்தது என்ன? படகை உடைக்கும் நொதியைத் தடுத்தது. படகுகள் அதிக நேரம் ஆற்றில் நின்றன. மிச்சம் இருந்த துறைகளைத் தேடிப் பிடித்தன.

பாம்பு, மீன், முயல்

துறைகள் ஏன் குறைகின்றன? இதற்குப் பதில் சொல்ல ஒரு பாம்பு உதவியது.

1963-ல் தைவான் நாட்டு விஞ்ஞானிகள் சாங், லீ இருவரும், அங்கே உள்ள கட்டுவிரியன் இனப் பாம்பின் விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். அது ஏற்பியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். லேசில் விடாது. இதை வைத்து ஏற்பிகளை அடையாளம் காணவும் எண்ணவும் முடிந்தது.

தென் அமெரிக்க ஆறுகளில் மின்விலாங்கு என்ற மீன் உண்டு. அதன் மின்சார உறுப்பில் ஏற்பிகள் ஏராளம். 1973-ல் அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சிக் கழகத்தில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும், அந்த மீனின் ஏற்பிகளை எடுத்து முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயல்கள் துவண்டு விழுந்தன! மயஸ்தீனியா நோயாளியைப் போலவே இருந்தன. மேரி வாக்கர் கொடுத்த இனத்தைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்ததும் தெம்பு பெற்றன.

மர்மம் உடைந்தது. உடம்பில் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. முயலின் காவல் படை மீனின் ஏற்பியை எதிர்க்கக் கிளம்பியது. அதே சாயலில் இருந்த தன் சொந்த ஏற்பிகளையும் அழித்துவிட்டது. மனிதருக்கு வரும் நோயிலும் நடப்பது இதுதான். வேலியே பயிரை மேய்கிறது!

அதே 1973-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளின் தசையை எடுத்து ஏற்பிகளை எண்ணினார்கள். மற்றவர்களுக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை!

துறையைக் காக்கும் கொத்தனார்

எல்லா ஏற்பிகளும் படகை வாங்குவது இல்லை. 'மஸ்க்' என்று ஓர் ஏற்பி உண்டு. நரம்பு 'அக்ரின்' என்ற பொருளை அனுப்பும். "துறையைச் சரியாகக் கட்டி வை" என்பது அதன் சேதி. மஸ்க் தன் கூட்டாளியோடு சேர்ந்து அந்தச் சேதியைக் கேட்கும். சிதறிக் கிடக்கும் ஏற்பிகளை நரம்பு முனைக்கு எதிரே கூட்டி நிறுத்தும். துறையைக் கட்டிக் காக்கும் கொத்தனார் அது.

மஸ்க் இல்லாமல் எலிகளைப் பிறக்கச் செய்து 1996-ல் பார்த்தார்கள். சினாப்ஸ் உருவாகவில்லை. குட்டிகள் மூச்சு விட முடியாமல் பிறந்தவுடன் இறந்தன. சில நோயாளிகளின் உடம்பு இந்த மஸ்க்கையே தாக்குகிறது என்பது 2001-ல் தெரிந்தது.

வீட்டார் கவனிக்க வேண்டியது

இமை தொங்குதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், பேசப் பேசக் குரல் மூக்கால் வருதல், விழுங்க முடியாமை, மாலையில் அதிகமாகும் தளர்ச்சி: இவை இருந்தால் நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு முட்டினாலும் உணவு தொண்டையில் நின்றாலும் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. நொதியைத் தடுக்கும் மாத்திரை உண்டு. காவல் படையின் வெறியைத் தணிக்கும் மருந்து உண்டு. மார்பு எலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியை எடுத்தாலும் பலருக்குக் குணம் தெரிகிறது. வேறு நோய்க்குத் தரும் சில மருந்துகள் இந்த நோயை அதிகமாக்கும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் இந்த நோய் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்க் கட்டுவிரியனும் சினாப்ஸைத்தான் தாக்குகிறது. தரையில் படுத்து உறங்குபவர்களை இரவில் கடிக்கும். பல சமயம் வலியோ வீக்கமோ இராது. காலையில் இமை தொங்கும். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டால் மூச்சு நின்றுபோகும். மந்திரிக்க ஓடாமல், உடனே விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒருவரின் இமை தானாகச் சரிந்தால் அவரைத் திட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!