தகாதாவில் ஒரு நாள்

யப்பானின் நகோயா நகருக்கு வடக்கேயுள்ள கொமாக்கியில் தகாதா என்றொரு ஷிந்தோக் கோயில் இருக்கிறது. பெயரைத் தமிழில் எழுதும்போதே 'தகாத' என்ற சொல் குறுக்கிடுகிறது. அங்கு நான் கண்டதைச் சொன்னால், பொருத்தமான பெயர்தான் என்று சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். ஆனால் யப்பானிய எழுத்தில் அப்பெயரின் முதலெழுத்து வயலைக் குறிப்பது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஆண்டுதோறும் மார்ச் 15ஆம் திகதி அங்கு ஹோனென் விழா. ஹோனென் என்றால் நல்ல விளைச்சலுள்ள ஆண்டு. நான் போன அன்று சிறிய புகையிரத நிலையத்திலிருந்தே சனநெரிசல். 42 வயது ஆண்கள் (யப்பானியர் நம்பிக்கையில் அது ஆண்களுக்குக் கண்டமான வயது) சுமார் 2.5 மீற்றர் நீளமான மர ஆண்குறியொன்றைத் தோளிற் காவி ஆரவாரத்துடன் வந்தனர். ஒவ்வோராண்டும் அதைப் புதிதாகச் செதுக்குவார்கள். சுற்றி நின்ற வெளிநாட்டவர் கமராவும் கையுமாகச் சிரித்தனர். நானும் சிரித்தேன், ஒளிப்பானேன்?

இக்கோயிலின் தெய்வங்களுள் ஒன்று மித்தோஷி, நெல் விளைச்சலின் தெய்வம். 807இல் இம்பே நொ ஹிரோநரி தொகுத்த 'கொகோஷூயி' என்னும் நூலில் இத்தெய்வத்தைப் பற்றி ஒரு கதை வருகிறது. நிலத்துக்குரிய தெய்வமொன்று வயலில் வேலை செய்தோருக்கு மாட்டிறைச்சி கொடுத்துவிட்டது. சினங்கொண்ட மித்தோஷி வெட்டுக்கிளிகளை ஏவ, பயிர் வாடியது. வெள்ளைப் பன்றி, வெள்ளைக் குதிரை, வெள்ளைச் சேவல் படைத்து வேண்டிய பின்னரே பரிகாரம் சொல்லிற்று. பூச்சி அப்போதும் போகாவிடில் வாய்க்கால் வாயில் இறைச்சியை வைத்து, ஆண்குறி வடிவமொன்றையும் செய்து வைக்க வேண்டுமாம். ஆக, 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே இது வயலைக் காக்கும் பொருளாக ஏட்டில் ஏறியிருக்கிறது. பிள்ளைப்பேறு வேறு, விளைச்சல் வேறு என்று கமக்காரன் எண்ணியிருக்கமாட்டான்.

1872இல் மெய்ஜி அரசு இத்தகைய உருவங்களை அகற்றுமாறு உத்தரவிட்டது. மேனாட்டார் சிரிப்பார்களே என்ற கூச்சமும் அதற்கொரு காரணம்.

கோயிலின் சிறு மண்டபமொன்றில் மரத்திலும் கல்லிலுமாகக் காணிக்கை வடிவங்கள் நிறைந்திருந்தன. அதன் அருகே நாற்பதை நெருங்கிய பெண்ணொருவர் சிறு மரப்பலகையில் தம் வேண்டுதலை எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார், நிறுத்தினார், மீண்டும் எழுதினார். கணவர் ஒன்றும் பேசாது பக்கத்தில் நின்றார். என் சிரிப்பு அடங்கிவிட்டது. கோயில் மரத்தில் தொட்டில் கட்டும் நம் பெண்களைப் பார்த்து நாம் சிரிப்பதில்லையே.

விழா முடிவில் மோச்சி எனப்படும் அரிசிப் பண்டத்தைக் கூட்டத்துள் எறிவார்கள். ஒன்று என் கையில் விழுந்தது, கல்போல இறுகியிருந்தது. சற்றுத் தள்ளி அந்தப் பெண் வெறுங்கையுடன் நின்றார். நீட்டினேன். இரு கைகளாலும் வாங்கி, கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.