மலைக்குடிப் பெண்கள் - 9: கைநாட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலைப் புரட்டினால் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று பெயர்கள் வரிசையாக வரும். பழனி மலையிலும் அதை ஒட்டிய சரிவுகளிலும் தேனெடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்த பளியர் சனத்தைத்தான் அரசு இப்படி மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறது. பெயரையே கேட்டு எழுதாத காகிதம் அந்தச் சனத்துப் பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றி மட்டும் அவளைக் கேட்டா எழுதும்?

காப்பித் தோட்டத்து லயத்திலோ காட்டோரக் குடிசையிலோ ஒரு பளியப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நர்சம்மா வருவார். குறை சொல்லக் கூடாது, மழையிலும் அட்டைக்கடியிலும் ஏறி வருகிறவர் அவர்தான். பதிவு செய்தால் 12 இலக்க எண் கிடைக்கும். அந்த எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் பொருந்தினால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். பதினேழில் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும், மூன்றாவதைச் சுமக்கிறவளுக்கும் கிடையாது. இந்த உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் விதி வெளியே நிறுத்துகிறது.

கொடைக்கானல் தாலுகாவின் சின்னூர், பெரியூர் போன்ற ஊர்களிலிருந்து வலியெடுத்தவளை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். கல்லாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட ஊர்க்காரப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி என்பது ஆயுளில் மூன்று நான்கு தடவை போகிற இடம். அதனால் பிள்ளை பெற வந்த அன்றைக்கே மற்றதையும் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி அவசரப்படுகிறது. இரண்டாவது பிரசவம் என்றால் கருத்தடை ஆபரேஷன். முதலாவது என்றால் காப்பர்-டி. பிரசவ மேசையில் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிடுகிறார்கள் என்று பெண்கள் அமைப்புகள் தமிழ்நாட்டில் நெடுநாளாகப் புகார் சொல்லி வருகின்றன.

மத்திய அரசின் கருத்தடை ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். இது நிரந்தரமானது, அபூர்வமாகத் தோற்கவும் செய்யும், வேறு முறைகளும் இருக்கின்றன என்பதையெல்லாம் அவளுக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். 22 வயதும் ஒரு குழந்தையும் போதும். கணவன் சம்மதம் தேவையே இல்லை. நடப்பில் பல இடங்களில் முதலில் தேடப்படுவது கணவனின் கையெழுத்து. அவளுடைய கைநாட்டு வாங்க அரை நிமிடம் ஆகும். படிவத்தைப் படித்துச் சொல்ல கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் யாரிடமும் இருப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியரோடு தங்கி ஆய்வு செய்தார். ஒருவர் மற்றவரை அதிகாரம் செய்வதை அவமரியாதையாக நினைக்கிற சமூகம் என்று அவர் பதிவு செய்தார். அது கணவன் மனைவிக்கும் பொருந்தும். ஒத்துவராவிட்டால் பிரிவார்கள், வேறு துணை தேடிக்கொள்வார்கள், ஊர் கூடிப் பழிப்பதில்லை. இன்று எவ்வளவோ மாறியிருக்கலாம். ஆனாலும் 23 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவள் 27-ல் இன்னொருவனோடு வாழத் தொடங்கினால் என்ன செய்வாள்? ஒரே தாலி, ஒரே வீடு, இரண்டு பிள்ளை என்ற சமவெளிக் கணக்கில் போட்ட திட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும், சாயா கருத்தடை மாத்திரையும் 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். மலையேறும் நர்சம்மாவின் பையில் அவை எப்போதும் இருந்தால் இவளுக்கு வழி உண்டு.

வடக்கே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. பைகா போன்ற சிறு பழங்குடிகள் அழிந்துவிடுவார்கள் என்று சொல்லி, 1979-ல் மத்தியப் பிரதேச அரசு அவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யத் தடை போட்டது. போதும் என்று வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் சாதியை மாற்றிச் சொல்லி ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பைகா தம்பதியர் வழக்குப் போட்டு, 2018-ல்தான், மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்த சத்தீஸ்கரின் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதே சத்தீஸ்கரில் 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்து, பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இந்த முகாம்களையே மூன்று ஆண்டுகளில் நிறுத்தச் சொன்னது.

கேட்காமல் வைத்த கதை வெளிநாட்டிலும் உண்டு. கிரீன்லாந்தில் 1966 முதல் 1970 வரை சுமார் 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டென்மார்க் மருத்துவர்கள் கருத்தடை வளையம் வைத்தார்கள். பலரிடம் கேட்கவே இல்லை. டென்மார்க் மன்னிப்புக் கேட்டது 2025-ல். கேட்காமலே இவர்களுக்கு வைத்ததும், வேண்டும் என்ற பைகாவுக்கு மறுத்ததும் ஒரே புத்திதான்.

தமிழ்நாட்டுக்கு இனி அவசரம் ஒன்றும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. திருமணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் 1950-களின் கடைசியில், ஆர்.ஏ. கோபாலசாமி தலைமைச் செயலாளராக இருந்த காலத்தில், பணம் கொடுத்து ஆண்களுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கிய மாநிலம் சென்னை ராஜ்யம்தான். நெருக்கடி நிலைக் கெடுபிடிக்குப் பிறகு ஆண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தழும்பு மனைவி வயிற்றுக்குப் போயிற்று.

இன்றைக்கும் தொகை ஆணுக்குத்தான் கூடுதல். பழங்குடிப் பெண் ஆபரேஷன் செய்துகொண்டால் 600 ரூபாய், அவள் கணவன் செய்துகொண்டால் 1,100.

(தொடரும்)